சுவருக்குள் இருக்கும் ஃப்ளஷ் டேங்க் ஒழுகினால் டைல்ஸை உடைக்க வேண்டுமா?

கேள்வி இதுதான்: சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அபார்ட்மென்ட், கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. சுவரில் தொங்குகிற வெஸ்டர்ன் கமோடு, சுவருக்குள் ஃப்ளஷ் டேங்க். ஒரு மாதமாகக் கமோடுக்குள் தண்ணீர் நூல் மாதிரி வழிந்துகொண்டே இருக்கிறது. பட்டனை இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் ஒழுங்காக ஃப்ளஷ் ஆகிறது. வந்து பார்த்த பிளம்பர், "டைல்ஸை உடைச்சாத்தான் சார் என்னன்னு சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டார். அதே டைல்ஸ் இப்போது கடையில் கிடைக்காது. என்ன செய்வது?

முதலில், உளியைத் தூக்க விடாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு தொந்தரவும் சுவரைத் தொடாமலே சரியாகக் கூடியவை. இந்த வகை டேங்கில் தேய்கிற, அடைக்கிற பாகங்கள் அத்தனையும் பட்டன் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் திறப்பு வழியாகக் கையில் எடுக்கிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஜெபெரிட் நிறுவனம் சுவருக்குள் வைக்கும் டேங்கை 1964-லேயே கொண்டுவந்துவிட்டது. ஒவ்வொரு வாஷருக்கும் சுவரை உடைக்க வேண்டும் என்றால் இத்தனை வருடம் இது ஓடியிருக்காது. அந்த பிளேட் பட்டனுக்கு மட்டும் வைத்ததில்லை, டேங்கின் கதவே அதுதான்.

நான் கட்டட வேலையில் சைட் இன்ஜினியராக இருந்துவிட்டு, பிறகு அபார்ட்மென்ட் பராமரிப்புக்கு வந்தவன். இந்த டேங்குகளைச் சுவருக்குள் வைக்கும்போதும் கூட நின்றிருக்கிறேன், பத்து வருடம் கழித்துத் திறந்தும் பார்த்திருக்கிறேன். என் அக்கா வீட்டில் இதே மாதிரி ஒழுகியபோது நான் ஊரில் இல்லை. வந்தவர் பிளேட்டுக்குக் கீழே நான்கு டைல்ஸை உடைத்தார். உள்ளே தெரிந்தது டேங்கின் வெறும் பிளாஸ்டிக் உடம்பு, அதைச் சுற்றி தெர்மகோல், அவ்வளவுதான். கடைசியில் பிளேட்டைக் கழற்றி, ஒரு வாஷரை மாற்றியதும் ஒழுகல் நின்றது. நிறம் ஒத்துவராத நான்கு டைல்ஸ் இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது மூன்றே விஷயம். ஒன்று, தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வு. மிதவையோடு இருக்கும், தண்ணீர் ஏறியதும் தானாக மூடிக்கொள்ளும். இரண்டாவது, நடுவில் கோபுரம் மாதிரி நிற்கும் ஃப்ளஷ் வால்வு. அதன் அடியில் ஒரு ரப்பர் வாஷர் உட்கார்ந்து டேங்கின் வாயை அடைத்திருக்கும். கோபுரத்தின் நடுக்குழாய்தான் ஓவர்ஃப்ளோ. தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் அது வழியாகச் சத்தமில்லாமல் கமோடுக்குள் போய்விடும். மூன்றாவது, பட்டனையும் கோபுரத்தையும் இணைக்கும் இரண்டு தள்ளு கம்பிகளும் ஒரு நெம்புகோலும். பட்டனை அழுத்தினால் கம்பி நெம்புகோலைத் தள்ளும், அது கோபுரத்தைத் தூக்கும், வாஷர் எழும்பும், தண்ணீர் இறங்கும். சில மாடலில் கம்பிக்குப் பதில் காற்றுக் குழாய் இருக்கும். அதில் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் குழாய் கழன்றிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கமோடுக்குள் தண்ணீர் வழிகிறது என்றால் காரணம் இந்த இரண்டில் ஒன்று: அடி வாஷர் சரியாக உட்காரவில்லை, அல்லது இன்லெட் வால்வு மூடாமல் தண்ணீர் ஓவர்ஃப்ளோ வழியாகப் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது என்று தெரியாமல் பாகம் வாங்கப் போனால் பணமும் போகும், ஒழுகலும் நிற்காது.

கண்டுபிடிக்கிறது சுலபம். பிளேட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் வால்வை மூடுங்கள் (எப்படி என்று கீழே சொல்கிறேன்). டேங்க் நிரம்பியிருக்கும்போதே மூட வேண்டும். தண்ணீர் நிற்கும் மட்டத்தை உள்சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒரு மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அடி வாஷர். மட்டம் அப்படியே நிற்கிறது, ஆனால் வால்வைத் திறந்து வைத்தால் மட்டும் வழிகிறது என்றால் இன்லெட் வால்வு. சந்தேகமாக இருந்தால் வால்வை மூடிய நிலையிலேயே சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை கேசரி கலரை எடுத்து டேங்க் தண்ணீரில் போடுங்கள். கமோடில் நிறம் இறங்கினால் வாஷர்தான், வேறு பேச்சே இல்லை.

இப்போது பிளேட்டைக் கழற்றுவது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வழி. சிலதைக் கீழிருந்து லேசாக மேலே தள்ளி முன்னால் இழுத்தால் வந்துவிடும். சிலதில் பக்கவாட்டிலோ அடியிலோ பொடி ஸ்க்ரூ இருக்கும், அதற்கு ஆலன் கீ வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை இடையில் விட்டு நெம்பாதீர்கள், பிளேட் உடைந்தால் அதே மாடலைத் தேடி அலைய வேண்டியிருக்கும். வெள்ளை சிமென்டோ சிலிகானோ வைத்து ஒட்டியிருந்தால் பிளேடால் ஓரத்தைச் சுற்றிலும் கீறிவிட்டு இழுங்கள். பிளேட்டுக்குப் பின்னால் ஒரு ஃபிரேம் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். அதையும் எடுத்தால் தண்ணீர் தெறிக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் மூடி. அதன் கொண்டிகளை விடுவித்து வெளியே எடுத்தால் டேங்க் தெரியும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். கம்பி எந்தப் பக்கம், நெம்புகோல் எப்படி மாட்டியிருந்தது என்பது திரும்ப மாட்டும்போது நினைவிருக்காது. அப்புறம், திறப்பு சின்னது, ஒரு கைதான் போகும். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழற்றி வையுங்கள். கமோடை மூடி, அதன் மேல் ஒரு துண்டை விரித்துவிட்டு ஆரம்பியுங்கள். கைதவறி விழும் ஸ்க்ரூ துண்டில் விழட்டும்.

உள்ளே ஒரு மூலையில் தண்ணீர்க் குழாய் வந்து சேரும் இடத்தில் சின்ன ஆங்கிள் வால்வு இருக்கும். கையால் திருகும் குமிழாக இருக்கலாம், ஸ்க்ரூ டிரைவர் வைக்கும் பள்ளமாகவும் இருக்கலாம். வலப்பக்கம் திருப்பினால் மூடும். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஒன்பது வருடமாக யாரும் தொடாத வால்வு உப்பேறி இறுகியிருக்கும். திரும்பவில்லை என்றால் முறுக்காதீர்கள். இங்கே ஏதாவது உடைந்தால் தண்ணீர் சுவருக்குள் கொட்டும், அப்போதுதான் உண்மையிலேயே டைல்ஸை உடைக்கும்படி ஆகும். பாத்ரூமுக்கு வரும் மெயின் வால்வை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மாடியில் உங்கள் லைனுக்கான வால்வை மூடச் சொல்லுங்கள்.

தண்ணீர் நின்றதும் பட்டனுக்கான நெம்புகோலைக் கையால் தூக்கி டேங்கைக் காலி செய்யுங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும், கவலை வேண்டாம். நெம்புகோல் கட்டையைக் கொண்டியிலிருந்து எடுங்கள். இன்லெட் வால்வு கைக்கு இடைஞ்சலாக இருந்தால் அதையும் அதன் பிடியிலிருந்து நகர்த்தி ஓரமாக வையுங்கள். பிறகு கோபுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிளிப்பை விடுவித்து மேலே இழுக்க வேண்டும். சிலது கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால் கழலும். முழுசாக வெளியே வராது போலத் தோன்றும். பெரும்பாலான மாடல்களில் கோபுரம் இரண்டு துண்டாகப் பிரியும், அல்லது சாய்த்து எடுத்தால் வந்துவிடும். இங்கேதான் பொறுமை வேண்டும். பலம் போட்டால் பிளாஸ்டிக் காதுகள் முறியும்.

வெளியே எடுத்துக் கவிழ்த்தால் அடியில் வாஷர் தெரியும். புதிய வாஷர் தொட்டால் ரப்பர் பேண்ட் மாதிரி வளையும், சமமாக இருக்கும். பழையது பெரும்பாலும் இரண்டு மாதிரி இருக்கும். ஒன்று, விளிம்பு உட்காரும் இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை வைத்து இழுத்தால் அந்தப் பள்ளம் தட்டும். அல்லது ரப்பர் கொழகொழத்துப் போய் விரலில் கருப்பாக ஒட்டும். இரண்டில் எதுவானாலும் மாற்ற வேண்டியதுதான். உடனே புது வாஷர் கிடைக்காவிட்டால், தட்டையான வாஷரைக் கழற்றி மறுபக்கம் திருப்பிப் போடலாம், சில வாரம் தாங்கும்.

வாஷரைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். கையைத் திரும்ப உள்ளே விட்டு, வாஷர் உட்காரும் வட்ட விளிம்பை ஆள்காட்டி விரலால் ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். கண்ணால் பார்க்க முடியாத இடம், விரல்தான் சொல்லும். வழவழவென்று வரவேண்டும். ஓ.எம்.ஆர். பக்கம் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான் பெரும்பாலும் என்பதால், உங்கள் டேங்கில் ஓரிடத்தில் கல் உப்பு மாதிரி நறநறவென்று தட்டும் என்று நினைக்கிறேன். ஒரு கடுகு அளவு உப்புப் படிவு போதும், வாஷர் அந்த இடத்தில் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும், தண்ணீர் அந்த வழியாக நூல் பிடிக்கும். புது வாஷர் போட்டும் ஒழுகுகிறது என்று வருகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் நான் பார்த்தது இதைத்தான்.

அந்தப் படிவு பெரும்பாலும் சுண்ணாம்புதான், புளிப்புக்குக் கரையும். வெள்ளை வினிகரில் துணியை நனைத்து விளிம்பின் மேல் சுற்றி வைத்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். பொடிப்பொடியாக நுரைக்கும். எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்தும் செய்யலாம். பிறகு பழைய டூத் பிரஷால் தேயுங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், கம்பி நார் எதுவும் கூடாது. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அது நிரந்தர ஒழுகல். தரை கழுவும் ஆசிட்டையும் டேங்குக்குள் ஊற்றாதீர்கள், ரப்பரையும் உலோகப் பாகங்களையும் சாப்பிட்டுவிடும். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரோடு ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்ன பாத்ரூமில் அது நெஞ்சை அடைக்கும், இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் வீடுகளில் எது இறுகினாலும் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் உண்டு. இங்கே வேண்டாம். எண்ணெயும் வாசலினும் பட்டால் இந்த வகை ரப்பர் உப்பிப் போகும். தடவியே ஆக வேண்டும் என்றால் சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் பட்டும் படாமல்.

வாஷர் வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் முழு கோபுரத்தையுமே. எல்லா டேங்குக்கும் ஒரே வாஷர் கிடையாது, வெளி விட்டம், நடு ஓட்டை, தடிமன் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். டேங்கின் உள்ளேயோ மூடியிலோ கம்பெனி பெயரும் மாடலும் அச்சடித்திருக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கமோடு ஒரு கம்பெனி, டேங்க் இன்னொரு கம்பெனி என்று பில்டர் போட்டிருப்பது சகஜம். கமோடில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் வேறு எதையாவது கொடுத்துவிடுவார். கோபுரத்தின் காது உடைந்திருந்தால் மட்டும் முழு ஃப்ளஷ் வால்வை மாற்றுங்கள். இல்லாவிட்டால் வாஷர் போதும், சில நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம்.

இப்போது உங்கள் இரண்டாவது தொந்தரவு, இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருப்பது. இதற்கும் வாஷருக்கும் சம்பந்தமில்லை, தள்ளு கம்பிகளின் நீளம்தான் காரணமாக இருக்கும். பிளேட்டுக்கும் நெம்புகோலுக்கும் இடையே உள்ள தூரம் சுவரின் தடிமனையும் டைல்ஸின் தடிமனையும் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும். அதனால்தான் கம்பியைத் திருகி நீட்டவும் குறைக்கவும் வசதி வைத்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் அழுத்தி அழுத்தி மரை தளர்ந்து கம்பி குட்டையாகிவிடும். பட்டன் முழுசாக உள்ளே போனாலும் நெம்புகோல் பாதிதான் நகரும், கோபுரம் பாதி தூக்கி உடனே விழுந்துவிடும். கம்பியை ஒரு சுற்று வெளியே திருகி மாட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு அரைச் சுற்று.

ஆனால் அளவுக்கு மேல் நீட்டினால் நேர் எதிரான தொல்லை வரும். கம்பி எப்போதும் நெம்புகோலை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும், வாஷர் ஒரு நூல் அளவு தூக்கியே நிற்கும், தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். பெயின்ட் அடித்த பிறகு, பிளேட்டைக் கழற்றி மாட்டிய பிறகு திடீரென்று ஒழுக ஆரம்பித்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சோதிக்க ஒரு நிமிடம் போதும்: பிளேட்டை மட்டும் கழற்றுங்கள், ஒழுகல் நின்றால் கம்பி நீளம். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் காலியாக ஆட வேண்டும், அதுதான் சரியான நீளம்.

இன்லெட் வால்வுதான் காரணம் என்று தெரிந்தால் கதை வேறு. அதன் தலைக்குள் ஒரு மெல்லிய ரப்பர் தட்டு இருக்கும், அதில் ஊசி முனை அளவு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் தட்டின் பின்பக்கம் போய் அழுத்தினால்தான் வால்வு மூடும். ஒரு மணல் துகள் போய் அந்த ஓட்டையை அடைத்தால் மிதவை மேலே போனாலும் மூடாது. மாடி டேங்கைக் கழுவிய மறுநாளும் லாரித் தண்ணீர் இறக்கிய மறுநாளும் இந்தப் புகார் வரிசையாக வரும். வால்வின் மூடியைத் திருகி எடுத்து, ரப்பர் தட்டை ஓடும் தண்ணீரில் கழுவி, ஓட்டையை மெல்லிய நைலான் நூலால் சுத்தம் செய்தால் பெரும்பாலும் போதும். திரும்ப மூடுவதற்கு முன் ஒரு டம்ளரைத் தலைகீழாக அதன் மேல் பிடித்துக்கொண்டு ஆங்கிள் வால்வை ஒரு நொடி திறந்து மூடுங்கள். குழாயில் தங்கியிருக்கும் மணல் வெளியே வந்துவிடும், உங்கள் முகத்தில் அடிக்காது. வால்வு வாயில் சின்ன ஃபில்டர் வலை இருக்கும், அதையும் கழுவுங்கள். டேங்க் நிரம்ப ரொம்ப நேரம் ஆகிறது என்பவர்களுக்கும் இந்த வலைதான் பதில். மேல் மாடி வீடு என்றால் அழுத்தமும் குறைவு. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், மாடி டேங்க் தலைக்கு மேல் மூன்று மீட்டரில் இருந்தால் 0.3 பார்தான். அங்கே மெதுவாக நிரம்புவது பழுது இல்லை.

நிரம்பி நிற்கும் மட்டம் ஓவர்ஃப்ளோ வாய்க்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் மிதவையின் ஸ்க்ரூவைத் திருகி இறக்குங்கள். ஓவர்ஃப்ளோ வழியாகப் போவது சட்டென்று கண்ணில் படாது, சத்தமும் கேட்காது. கால் மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் போனால்கூட ஒரு நாளைக்கு 96 லிட்டர், லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில். முழு ஃப்ளஷ் 6 லிட்டர் என்றால், யாரும் போகாமலே பதினாறு தடவை ஃப்ளஷ் செய்த கணக்கு.

சுவரையோ கமோடையோ தொட வேண்டிய நிலை எப்போது என்றும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கமோடுக்குள் வராமல் சுவரில் ஈரம் பூத்தாலோ, கீழ் வீட்டுக் கூரையில் சொட்டினாலோ விஷயம் வேறு. ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் சொட்டினால் கமோடுக்கும் டேங்க் குழாய்க்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இணைப்பாகத்தான் இருக்கும். அதற்கும் உடைக்க வேண்டாம்: சுவரில் தொங்கும் கமோடு இரண்டு போல்ட்டில்தான் நிற்கிறது, நட்டைக் கழற்றி கமோடை முன்னால் இழுத்தால் இணைப்பு தெரியும். இது இரண்டு பேர் வேலை, கமோடு கனமானது, தனியாகச் செய்யாதீர்கள். யாரும் ஃப்ளஷ் செய்யாதபோதும் சுவர் ஈரமாகவே இருந்தால், அதுவும் ஆங்கிள் வால்வை மூடிய பிறகும் ஈரம் ஏறிக்கொண்டே இருந்தால், சுவருக்குள் வரும் குழாயில் கசிவு. அப்போது உடைக்கத்தான் வேண்டும். உங்கள் விஷயம் அது இல்லை.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு பிளேட்டைப் போடுவதற்கு முன்னாலேயே ஆங்கிள் வால்வைத் திறந்து நிரப்பி, நெம்புகோலைக் கையால் நாலைந்து தடவை தூக்கி ஃப்ளஷ் செய்து பாருங்கள். அப்புறம் பிளேட். இரவு கடைசியாக ஃப்ளஷ் செய்து கால் மணி நேரம் கழித்து, கமோடின் பின்பக்க உள்சுவரைத் துணியால் துடைத்துக் காயவைத்து, ஒரு டிஷ்யூ பேப்பரை ஒட்டி வையுங்கள். காலையில் காய்ந்தபடி இருந்தால் வேலை முடிந்தது. நனைந்திருந்தால் வாஷரைத் திரும்பக் கழற்றாதீர்கள், முதலில் கம்பியை அரைச் சுற்று உள்ளே திருகிவிட்டு இன்னொரு இரவு பாருங்கள்.